சந்தைக்குப் போனீர்களே, என்ன வாங்கி வந்தீர்கள்?

இரவு 9 மணி. சாப்பாடு முடிந்தது.

அப்பா திண்ணையில் இருக்கிறார். அம்மா கூடத்தில் இருக்கிறார். மகன் கட்டிலில் கிடக்கிறான். மகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நாலு பேர் கையிலும் செல்போன்! நாலு பேர் முகத்திலும் அந்த வெளிச்சம்!

பேச்சு இல்லை. எப்போதாவது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

"என்னடா?" என்று அப்பா கேட்கிறார்.

"ஒண்ணும் இல்லப்பா" என்கிறான் மகன்.

மணி 11 ஆகிறது. விளக்கை அணைக்கிறார்கள். படுத்துவிடுகிறார்கள்.

இது எந்த ஊர், எந்த வீடு என்று தேட வேண்டாம். உங்கள் தெருவில் இருக்கிறது. எங்கள் தெருவிலும் இருக்கிறது.

ஆளுக்கு 2 மணி நேரம் போயிற்று. 4 பேருக்கும் சேர்த்து 8 மணி நேரம். ஓர் ஆள் ஒரு நாள் முழுவதும் வேலை பார்க்கும் நேரம் அது!

அந்த 8 மணி நேரத்தில் அந்த வீட்டுக்கு என்ன வந்தது?

இதுதான் நம் கேள்வி.

நம் ஊர்களில் சந்தை கூடும். சந்தைக்குப் போய் வந்தவரிடம் வீட்டில் முதலில் என்ன கேட்பார்கள்? "என்ன வாங்கி வந்தாய்?" என்பார்கள். விற்கப் போனவரிடம், "என்ன விலைக்குப் போயிற்று?" என்பார்கள். வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை, மடியில் இருந்த காசையும் தொலைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், வீட்டில் சும்மா விடுவார்களா?

பேஸ்புக், யூ-டியூப், வாட்ஸ்-அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்ந்து இன்று ஒரு பெரிய சந்தை. இரவும் பகலும் மூடாத சந்தை. அங்கே படிப்பு கிடைக்கிறது. உத்தியோகம் கிடைக்கிறது. வாடிக்கைக்காரர்கள் கிடைக்கிறார்கள். முடிச்சவிழ்க்கிகளும் இருக்கிறார்கள்.

"போகாதே" என்று நாம் சொல்லப் போவதில்லை. "என்ன வேலையாகப் போகிறாய்?" என்று மட்டும் கேட்கப் போகிறோம்.

19 வினாடி யானைப் படம்

இந்தச் சந்தைக்கு வயது அதிகம் இல்லை.

உத்தியோகம் தேடுகிறவர்களையும் ஆள் தேடுகிற கம்பெனிகளையும் சேர்த்து வைக்கும் 'லிங்க்ட்-இன்' 2003-ல் வந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2004-ல் பேஸ்புக்கைத் தொடங்கினார்கள். 2005-ல் யூ-டியூப் பிறந்தது.

யூ-டியூப்பில் ஏற்றப்பட்ட முதல் படம் எது தெரியுமா? ஒரு வாலிபர் மிருகக்காட்சி சாலையில் நிற்கிறார். பின்னால் யானைகள் நிற்கின்றன. "யானைக்கு நீளமான துதிக்கை" என்ற பாணியில் ஏதோ சொல்கிறார். அவ்வளவுதான்! மொத்தம் 19 வினாடி. 2005 ஏப்ரல் 23-ந் தேதி அதை ஏற்றினார்கள். அந்த வாலிபர் பெயர் ஜாவேத் கரீம். யூ-டியூப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர்.

அடுத்த ஆண்டே கூகுள் கம்பெனி 165 கோடி டாலருக்கு யூ-டியூப்பை வாங்கிவிட்டது.

2009-ல் வாட்ஸ்-அப் வந்தது. 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்தது. இரண்டையும் பேஸ்புக் கம்பெனி பிறகு வாங்கிக்கொண்டது. அந்தக் கம்பெனிக்கு இப்போது 'மெட்டா' என்று பெயர்.

நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. போட்டியில் இன்டர்நெட் விலை சரிந்தது. அதுவரை பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த சந்தை, கூலி வேலைக்குப் போகிறவர் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்தது.

கடைசிப் பக்கம் இல்லாத பத்திரிகை

இந்தச் சந்தையில் நுழையக் காசு கேட்பதில்லை. அப்படியானால் சந்தை நடத்துகிறவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

விளம்பரத்தில் இருந்து வருகிறது.

2024-ல் மெட்டா கம்பெனியின் மொத்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பர வருமானம்! நீங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்களோ, அவ்வளவு விளம்பரம் உங்கள் கண்ணில் படும். அவர்கள் விற்கும் சரக்கு என்ன? உங்கள் நேரம்தான்!

எனவே, உங்களைச் சந்தையிலேயே நிறுத்தி வைக்க எத்தனையோ உபாயங்கள் செய்திருக்கிறார்கள்.

ஒன்றைப் பாருங்கள். நீங்கள் இப்போது படிக்கும் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது. படித்து முடித்தால் மடித்து வைத்துவிடுவீர்கள். செல்போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் கடைசிப் பக்கம் வருகிறதா? வராது! தள்ளத் தள்ள அடுத்த படம் வந்துகொண்டே இருக்கும்.

2006-ல் இந்த முறையை உண்டாக்கியவர் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பக்கம் பக்கமாகத் திருப்பும் சிரமம் வேண்டாம் என்று நினைத்துச் செய்தார். மக்கள் அதிலேயே மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து, பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

செய்தவருக்கே வருத்தம் என்றால் பாருங்கள்! "என் மகனுக்குப் புத்தி இல்லை, எந்நேரமும் போனை நோண்டுகிறான்" என்று மகனை மட்டும் திட்டிப் பயன் இல்லை. கெட்டிக்காரர்கள் பலர் கூடி, அவன் எழுந்து போகாதபடி அந்த இடத்தை அமைத்திருக்கிறார்கள். வேலை இல்லாமல் அங்கே நுழைந்தால் சிறியவர், பெரியவர் யாரானாலும் மாட்டிக்கொள்வார்கள்.

வேலையோடு நுழைந்தவர்கள் கதை வேறு.

சின்னவீரமங்கலத்துச் சமையல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னவீரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பம். தாத்தா பெயர் பெரியதம்பி. சமையலில் கைதேர்ந்தவர். அவருக்குப் பேரன்கள் ஐந்து பேர்.

2018-ல் இவர்கள் யூ-டியூப்பில் சமையல் படம் போடத் தொடங்கினார்கள். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று பெயர் வைத்தார்கள்.

பெரிய ஸ்டூடியோ இல்லை. மேக்கப் இல்லை. வயல்வெளிதான் கூடம். கல்லைக் கூட்டி அடுப்பு. அம்மியில் மசாலா. பெரிய அண்டாவில் சமையல். சமைத்ததை முதியவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் பரிமாறினார்கள்.

2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களைச் சந்தித்து, அவர்களோடு சேர்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் சேனலில் சேர்ந்தவர்கள் தொகை 1 கோடியைத் தாண்டியது. தமிழ் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவர்கள் அவர்கள்தான். அந்தச் சமயத்தில் முதல்-அமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது என்ன?

அவர்கள் புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு வரவில்லை. தங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வேலையை, ஊர் அறியச் செய்தார்கள். சொந்த ஊர், சொந்தப் பேச்சு, சொந்தச் சமையல்! அடுத்தவரைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. விடாமல் செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, "நாளைக்கே நானும் சேனல் தொடங்குகிறேன், வேலையை விட்டுவிடுகிறேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். யூ-டியூப்பில் விளம்பரப் பணம் கிடைக்க வேண்டும் என்றால், முதலில் 1,000 பேர் உங்கள் சேனலில் சேர வேண்டும். 12 மாதத்தில் மக்கள் உங்கள் படங்களை மொத்தம் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். குட்டிப் படங்கள் போடுகிறவருக்கு வேறு கணக்கு. அதைத் தாண்டினாலும் சோற்றுக்கு ஆகுமா என்பது நிச்சயம் இல்லை. கோடியைத் தொட்ட ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். நூறு பேர் கூடப் பார்க்காமல் நின்றுபோன சேனல்களை யார் எண்ணினார்கள்?

யூ-டியூப் மூலம் சம்பாதிப்பது அபூர்வம். யூ-டியூப்பைக் கொண்டு சொந்தத் தொழிலை வளர்ப்பது எல்லோராலும் ஆகும். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

தையல்கார அம்மாள் செய்ய வேண்டியது

ரவிக்கை தைக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆரி வேலையும் தெரியும். நல்ல கை. ஆனால், அந்தத் தெருவுக்கு மேல் அவரை யாருக்கும் தெரியாது.

அவர் என்ன செய்யலாம்?

வாட்ஸ்-அப்பிலேயே வியாபாரிகளுக்கு என்று 'வாட்ஸ்-அப் பிசினஸ்' இருக்கிறது. 2018-ல் வந்தது. சிறு வியாபாரிகளுக்குக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், விலாசம், திறக்கும் நேரம், சரக்குகளின் படம், விலை எல்லாவற்றையும் அதிலே போட்டு வைக்கலாம்.

தைத்து முடித்த ரவிக்கையை, காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம் விரித்து ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னால் சுத்தமான வெள்ளைத் துணி போதும். அதோடு 4 விஷயங்களை எழுத வேண்டும். என்ன வேலை? என்ன கூலி? எத்தனை நாளில் கிடைக்கும்? எங்கே வர வேண்டும்?

பலர் இந்த நாலையும் எழுதுவதில்லை. "விலை தனியாகக் கேட்கவும்" என்று போடுகிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள்!

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் இருக்கிறார். அவர் என்ன படம் போடுவது? "மோட்டார் ஏன் எரிகிறது?" என்று 1 நிமிடம் பேசலாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் எரியும். மின்சார அழுத்தம் குறைந்தாலும் எரியும். மூன்று பேஸில் ஒன்று போனாலும் எரியும். இதைத் தமிழில், எரிந்த காயிலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், கேட்கிற விவசாயி அந்த முகத்தை மறப்பாரா? மோட்டார் எரிந்த அன்று யாரைக் கூப்பிடுவார்?

"தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டால் பிழைப்பு என்ன ஆவது?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சொல்லிக் கொடுப்பவரிடம்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். பேச்சைக் கேட்டவர்கள் எல்லோரும் காயில் கட்டக் கற்றுக்கொண்டுவிட மாட்டார்கள்!

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29-ந் தேதி, மத்திய அரசு டிக்-டாக் உள்பட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்-டாக்கில் பல லட்சம் ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று. அது அடுத்தவன் மனையில் கட்டிய வீடு! ஆகையால், வாடிக்கைக்காரர்களின் பெயரையும் டெலிபோன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சந்தை இடம் மாறினாலும் வாடிக்கை மாறாது.

சம்பளம் இல்லாத வாத்தியார்

படிக்க வசதி இல்லாமல் நின்றவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தச் சந்தையில் ஒரு வாத்தியார் இருக்கிறார். சம்பளம் கேட்பதில்லை. ஒரு தடவை புரியவில்லை என்றால் பத்துத் தடவை சொல்வார். கோபித்துக்கொள்ள மாட்டார்.

சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் 'என்.பி.டெல்.' என்ற திட்டத்தைத் தொடங்கின. அங்கே பாடம் நடத்தும் பேராசிரியர்களின் பாடங்கள் யூ-டியூப்பில் இருக்கின்றன. பார்க்கப் பணம் வேண்டாம். சர்டிபிகேட் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டிப் பரீட்சை எழுத வேண்டும். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் பாடங்களும் யூ-டியூப்பில் கிடைக்கின்றன.

வெல்டிங், தையல், கணக்கு எழுதுதல், இங்கிலீஷ் பேச்சு எதைத் தேடினாலும் கிடைக்கும். ஆனால், தேட வேண்டும்! தானாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அரட்டையும் ஆட்டமும்தான் வந்து விழும்.

படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். 10 நிமிடம் பாருங்கள். நிறுத்துங்கள். பார்த்ததைச் செய்து பாருங்கள். நீச்சல் படத்தை ஆயிரம் தடவை பார்த்தாலும் தண்ணீரில் இறங்காதவனுக்கு நீச்சல் வராது.

வேலை வாங்கித் தருபவர் யார்?

உத்தியோகம் தேடும் வாலிபர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறோம். ஆச்சரியமாக இருக்கும்.

உங்களுக்கு வேலைக்கு வழி காட்டுவது யார்? உயிர் நண்பனா? தூரத்துப் பழக்கமா?

உயிர் நண்பன் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் இதை விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைச் சந்தித்து, "அவரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். பெரும்பாலானவர்கள், "எப்போதாவதுதான்" என்றார்கள்! இந்தக் கட்டுரையை அவர் 1973-ல் வெளியிட்டார்.

காரணம் சுலபம். தினமும் உங்களோடு டீ குடிக்கும் நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். அவன் புதிதாக எதைச் சொல்லப் போகிறான்? கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருக்கும் பழைய வகுப்புத் தோழனுக்குத்தான், உங்களுக்குத் தெரியாத மில்லும் பாக்டரியும் தெரியும்.

இது சரிதானா என்று பின்னால் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். லிங்க்ட்-இன்னில் 2015 முதல் 2019 வரை 5 ஆண்டுகள், 2 கோடி பேரை வைத்து நடத்திய சோதனை அது. 2022-ல் முடிவு வெளிவந்தது. மிக நெருங்கியவர்களை விட, ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் மூலமே அதிகம் பேருக்கு வேலை கிடைத்தது என்று தெரிந்தது.

தூரத்துப் பழக்கத்தைக் கிட்டத்தில் வைக்க இந்தச் சந்தையைப் போல வசதி முன்பு இருந்ததில்லை. பழைய வாத்தியார், பழைய மேஸ்திரி, பயிற்சிக்குப் போன இடத்துச் சூப்பர்வைசர் எல்லோரையும் தேடிப் பிடியுங்கள். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம்.

எப்படி எழுதுவது? "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால், படிப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. "ஐயா, நான் ஐ.டி.ஐ. பிட்டர் முடித்தேன். லேத்தில் ஓராண்டு வேலை பார்த்தேன். நான் செய்த உருப்படியின் படம் இது. ஓசூர்ப் பக்கம் வேலை இருந்தால் வரத் தயார்" என்று எழுதுங்கள். படித்தவருக்கு உடனே ஓர் ஆள் ஞாபகம் வருவார்.

இன்னொன்று. ஆள் எடுக்கிறவரும் உங்கள் பக்கத்தைப் பார்ப்பார். சினிமா நடிகருக்காக எவனையோ கெட்ட வார்த்தையில் திட்டி எழுதியது அங்கே இருந்தால், உங்கள் சர்டிபிகேட்டை அவர் பிரித்துப் பார்ப்பாரா?

முடிச்சவிழ்க்கிகள் ஜாக்கிரதை!

சந்தை என்றால் திருடனும் இருப்பான்.

2022-ல் நடந்ததைக் கேளுங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் வந்தது. நம்பிப் போன வாலிபர்களை மியான்மர் நாட்டுக்குக் கடத்திச் சென்று, இன்டர்நெட்டில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி கொடுமைப்படுத்தினார்கள். சிக்கியவர்களில் தமிழ்நாட்டு வாலிபர்களும் இருந்தார்கள். அரசு தலையிட்டு மீட்க வேண்டியதாயிற்று.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு, மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 1983-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு உண்டா என்று விசாரிக்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். உள்நாட்டு வேலையானாலும், "முதலில் பணம் கட்டு" என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வியாபாரம் செய்யும் தாய்மார்கள் இதை மனதில் வைக்க வேண்டும். உங்களுக்குப் பணம் வந்து சேர ரகசிய எண் எதையும் நீங்கள் அழுத்த வேண்டியதில்லை. "பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

"போலீஸ் பேசுகிறேன், உங்களை வீடியோவிலேயே கைது செய்துவிட்டேன்" என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு.

"பெண் பிள்ளை படம் போட்டால் வம்பு வருமே!" என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. அதற்காக மகளின் தொழிலையே முடக்க வேண்டுமா? முகத்தைப் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. ரவிக்கையின் படம் போதும். ஊறுகாய் ஜாடியின் படம் போதும். தொழிலுக்கு என்று தனி நம்பர் வைத்துக்கொள்ளலாம். வம்பு செய்கிறவனைத் தடுத்து வைக்கும் வசதி எல்லா இடத்திலும் இருக்கிறது. மீறினால் போலீஸ் இருக்கிறது. வம்பனுக்குப் பயந்து கடையை மூடினால், ஜெயித்தது யார்?

அரை மணி நேரம் போதும்

எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவ மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. ஒரு பகுதியினரை வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை, 3 சமூக வலைத்தளங்களில் நாளுக்கு 10 நிமிடம் வீதம், அரை மணி நேரம் மட்டும் பார்க்கச் சொன்னார்கள். 3 வாரம் கழித்துப் பார்த்தால், நேரத்தைக் குறைத்தவர்களிடம் தனிமை உணர்ச்சியும் மனச்சோர்வும் குறைந்திருந்தன!

அவர்கள் அடியோடு விடவில்லை. குறைத்துக்கொண்டார்கள். அதற்கே அந்தப் பலன்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் முக்கியமான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் செய்தார்கள். 2025 டிசம்பர் 10-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வரும்போது வரட்டும். நம் வீட்டுக்கு நாமே சட்டம் போடலாம். நாம் சொல்வது 3 விதிகள்.

முதல் விதி: போனை எடுக்கும் முன், எதற்காக என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "லேத் பாடம் பார்க்கிறேன்." "ரவிக்கைப் படம் போடுகிறேன்." "மாமாவுக்குப் பதில் எழுதுகிறேன்." "சும்மா பார்க்கிறேன்" என்றால், அதற்கு அரை மணி நேரம். அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது விதி: சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் போன் கூடாது. இரவில் எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். அப்பா போனும் அங்கேதான்!

மூன்றாவது விதி: வாரம் ஒரு தடவை கணக்குப் பாருங்கள். எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்று பல போன்களில் போனே சொல்லிவிடும். அந்த நேரத்தில் என்ன கற்றோம், யாரைத் தெரிந்துகொண்டோம், எவ்வளவு சம்பாதித்தோம் என்று எழுதுங்கள். பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே எழுதலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் கையில் இருந்து போனைப் பிடுங்குவது சுலபம். பிடுங்கிய பிறகு அவன் என்ன செய்வான்? அடுத்த வீட்டுப் பையன் போனில் பார்ப்பான். பிடுங்காதீர்கள். வேலை கொடுங்கள். "நம் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கு." "தோட்டத்துத் தென்னைக்கு என்ன நோய் என்று விசாரித்துச் சொல்." "அம்மாவுக்கு வாட்ஸ்-அப்பில் படம் போடக் கற்றுக் கொடு." வேலை கிடைத்தால், அதே விரல் வேறு மாதிரி ஓடும்.

இன்று இரவும் மணி 9 ஆகும். நாலு பேர் கையிலும் போன் இருக்கும்.

11 மணிக்கு விளக்கை அணைக்கும் முன், அப்பா ஒரு தடவை கேட்கட்டும்: "சந்தைக்குப் போனீர்களே, என்ன வாங்கி வந்தீர்கள்?"

பிள்ளைகள் பதில் சொல்வார்கள். பிறகு, "நீங்க என்னப்பா வாங்கி வந்தீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அப்பாவும் பதில் வைத்திருக்க வேண்டும்!